தொண்டைக்கு வருதா?

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 26 வருடம் புரூஃப் பார்த்தேன். முக்கால்வாசி நாள்காட்டி வேலை. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக்கான மாதிரி ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து மார்கழி வரை தலை நிமிர நேரம் இருக்காது. ராகு காலம், எமகண்டம், குளிகை, கரிநாள், சந்திராஷ்டமம் என்று தினத்தாள் ஒவ்வொன்றிலும் பொடி எழுத்து. ஓர் அமாவாசை ஒருநாள் தள்ளி அச்சாகிவிட்டால் எத்தனை வீட்டில் தர்ப்பணம் தப்பும் தெரியுமா என்று எங்கள் முதலாளி அண்ணாச்சி அடிக்கடி கேட்பார். கண்ணை வைத்துப் பிழைக்கிற பிழைப்பு.

அந்தக் கண்ணில், 2013 வாக்கில், இடது பக்கம் மட்டும் நீர் வர ஆரம்பித்தது. முதலில் காற்றில் நடந்தால் வந்தது. பிறகு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் வந்தது. பிறகு எதற்கும் காத்திருக்கவில்லை. குனிந்து புரூஃப் பார்க்கும்போது ஒரு சொட்டு கீழ் இமையில் திரண்டு, தயங்கி, தாளில் விழும். விழுந்த இடம் காய்ந்து சுருங்கிப் போகும். டிடிபி பையன்கள் அந்தத் தாள்களுக்கு 'அக்கா அழுத பக்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். திருத்தம் போடும்போது, "அக்கா அழுத பக்கத்துல ரெண்டு தப்பு இருக்குடா" என்று கூவுவார்கள்.

ஒருநாள் அண்ணாச்சி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைப் பாதி சாத்திவிட்டு, "என்னம்மா, மாப்பிள்ளை ஏதும் சொன்னாரா?" என்றார். இல்லை அண்ணாச்சி, கண்ணில் நீர் வடிகிறது, அவ்வளவுதான் என்றேன். "எல்லாரும் அப்படித்தான்ம்மா சொல்வாங்க" என்று மேசை இழுப்பறையிலிருந்து 2,000 ரூபாயை எடுத்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். கேட்காமல் கிடைத்த அட்வான்ஸ். பையனின் ஹாஸ்டல் பீஸுக்கு ஆயிற்று. அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார், அது வேறு விஷயம்.

அழாத நேரத்தில் அழுகிறவளாகத் தெரிவதில் சில சௌகரியங்கள் உண்டு. எழவு வீட்டுக்குப் போனால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நெருக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு கண்தான் அழும். மூக்கும் ஒழுகாது. மற்ற பெண்கள் மூக்கைச் சிந்திச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு மட்டும் இடது கன்னத்தில் ஒற்றை வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கும். என் பெரிய மதினி ஒருமுறை, "இவ அழுகைகூட அரைச் சம்பளத்துக்குத்தான்" என்றாள்.

நந்தியாவட்டைப் பூவை இமைமேல் வைத்துக்கொண்டு படுத்தேன். விளக்கெண்ணெய் விட்டேன். பச்சைப் பிள்ளைக்காரி ஒருத்தியிடம் தாய்ப்பால் வாங்கி விட்டுக்கொள்ளச் சொன்னார்கள், அதை மட்டும் செய்யவில்லை. ஊரில் ஒரு கண் டாக்டர் அலர்ஜி என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். தீர்ந்ததும் இன்னொன்று. அது தீர்ந்ததும் முதல் மருந்தே திரும்பவும். இப்படி மூன்று வருடம் போயிற்று. அவர் ஒருமுறைகூடக் கண்ணின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது. காலையில் இமைகள் பீளையில் ஒட்டிக்கொண்டிருக்கும். முகம் கழுவும்போது ஒருநாள் தற்செயலாக மூக்கை ஒட்டிய கண்மூலையில் விரல் அழுந்தியது. கண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாகக் கஞ்சி போல ஏதோ திரண்டு வந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அருவருப்பாக இருந்தது. அதைவிட, அதை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

பார்த்தது அம்மாவின் முகத்தில்.

எங்களுக்கு விவரம் தெரிந்த நாளாக அம்மாவின் இடது கண் ஈரமாகத்தான் இருக்கும். பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாள். சாயங்காலம் விறகடுப்பு ஊதுவாள். புகையால் வருகிறது என்பாள், நாங்களும் நம்பினோம். முந்தானை முனையைத் திரித்து கண்மூலையில் ஒற்றிக்கொள்வது அவளுக்கு மூச்சுவிடுவது போல. அதை அழுகை என்று யாரும் நினைத்ததில்லை. நிஜமாக அழுதபோதும் நினைக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

1991-ல் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். அப்போது விருதுநகருக்குக் காமராஜர் மாவட்டம் என்று பெயர். பார்வையிழப்பைத் தடுக்க மத்திய அரசு 1976-ல் திட்டம் கொண்டுவந்த பிறகு எங்கள் பக்கமெல்லாம் இப்படி முகாம்கள் நடக்கும். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வகுப்பறையில் வரிசையாக உட்காரவைப்பார்கள். புரை முற்றியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். காசு கிடையாது. அம்மாவுக்கு 56 வயது, இடது கண்ணில் புரை. பஸ்ஸில் ஏறிப் போனாள். எனக்குக் கல்யாணமான புதிது, கூடப் போக முடியவில்லை.

புரை ஆபரேஷன் செய்யாமலே ஒரு வாரத்தில் திரும்பி வந்தாள். மூக்கோரத்தில் தையல். "உள்ள ஒரு பை இருந்துச்சாம். சீழ் வச்சிருந்துச்சாம். எடுத்துட்டாங்க. இது ஆறின பெறகுதான் புரையை எடுப்பாங்களாம்" என்றாள். சீழ் வைத்த பையை எடுத்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டோம். சொன்னபடியே ஒன்றரை மாதம் கழித்துப் புரையையும் எடுத்தார்கள். உள்ளே லென்ஸ் வைக்கிற வழக்கம் முகாம்களுக்கு இன்னும் வரவில்லை. சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். அம்மா அதைப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, "கருத்துப் போயிட்டியே" என்றாள். பார்வை வந்துவிட்டது. பீளையும் நின்றுவிட்டது. நீர் மட்டும் வடிந்துகொண்டே இருந்தது.

அந்தப் பை எதற்காக அங்கே இருந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. பிஏ தமிழ் படித்த நானும் கேட்கவில்லை.

அம்மா ஒருத்திதான் யோசித்திருக்கிறாள். 2004-ல் வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன். இப்போது உள்ளேயே லென்ஸ். அதற்கு முந்தின நாள் கண்மூலையில் ஊசி போன்ற ஒரு குழாயை வைத்துத் தண்ணீர் செலுத்திப் பார்த்தார்களாம். 'டக்ட்' பார்ப்பது என்று ஆஸ்பத்திரிகளில் அதற்குப் பெயர். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் சொன்னது அதைத்தான். "தண்ணி தொண்டைக்கு வருதாம்மான்னு கேட்டாக. வந்துச்சுத்தா! கண்ணுல ஊத்துன தண்ணி தொண்டைக்கு வருது, உப்புக் கரிக்குது. அன்னைக்கு இடது கண்ணுல ஊத்துனப்போ வரவே இல்லையே, இது மட்டும் எப்படி வருது?" நான் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டு, "சரி சரி, பேசாமப் படு" என்றேன்.

2017 ஐப்பசி. நாள்காட்டி வேலை தலைக்கு மேல். ஒரு புதன்கிழமை காலை இடது கண்மூலைக்குக் கீழே, மூக்கை ஒட்டி, கொண்டைக்கடலை அளவு வீக்கம். சூட்டுக் கட்டி என்று சந்தனம் அரைத்துப் போட்டேன். வியாழக்கிழமை நெல்லிக்காய் அளவு ஆயிற்று. வெள்ளிக்கிழமை முகத்தின் இடது பாதியே என்னுடையதாக இல்லை. கண் திறக்க முடியவில்லை, காய்ச்சல், தொட்டால் உயிர் போகிற வலி. அம்மா பக்கத்தில் வந்து, தன் விரலால் தொடாமலே வீக்கத்தின் மேல் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள். "பைதான்" என்றாள். "சந்தனத்தைக் கழுவிட்டு மதுரைக்குப் போ."

மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது வீக்கம் உடைந்து கைக்குட்டை நனைந்திருந்தது. டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பார்த்த உடனே, இப்போது கத்தி வைக்க முடியாது, முதலில் மாத்திரையில் புண் ஆறட்டும், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றார். அந்த மூன்று வாரமும் நான் கார்த்திகை மாதத் தாள்களை ஒற்றைக் கண்ணால் பார்த்து முடித்தேன். பிழை எதுவும் வெளியாகவில்லை. இதை நான் சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

மறுபடி போனபோது எனக்கும் டக்ட் பார்த்தார்கள். மரத்துப் போக ஒரு சொட்டு விட்டுவிட்டு, கீழ் இமையின் மூக்கோர முனையில் இருக்கிற குண்டூசி முனை அளவுத் துளையில் மழுங்கிய ஊசியை நுழைத்தார்கள். வலது கண்ணில் முதலில். "தண்ணி தொண்டைக்கு வருதாம்மா?" வந்தது. உப்பு. இடது கண்ணில் வைத்தார்கள். கீழ்த் துளையில் செலுத்திய தண்ணீர் மேல் இமைத் துளை வழியாகத் திரும்பி வந்து கன்னத்தில் வழிந்தது. "தொண்டைக்கு வருதா?" வரவில்லை. மறுபடியும் ஒருமுறை கேட்டார். எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. 13 வருடத்துக்கு முன்னால் குழம்பைக் கிளறிக்கொண்டே நான் சரி சரி என்று சொன்னது அப்போது காதில் கேட்டது.

டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கண்ணின் வெளிப்பக்கத்து மேல் மூலையில் கண்ணீர் சுரக்கிற சுரப்பி. அங்கிருந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் இறங்கிக் கண்ணைக் கழுவுகிறது. ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் அது மூக்குப் பக்கம் தள்ளப்படுகிறது. மேல் இமையில் ஒன்று, கீழ் இமையில் ஒன்றாக இரண்டு துளைகள் அதை உறிஞ்சி, சன்னமான இரண்டு குழாய் வழியாக ஒரு பைக்குக் கொண்டுபோகின்றன. பையிலிருந்து எலும்புக்குள்ளே ஒரு குழாய் இறங்கி மூக்குக்குள் திறக்கிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான். எனக்கு அடைப்பு பைக்குக் கீழே. தேங்கின நீரில் கிருமி சேர்ந்து சீழ். நடு வயதுப் பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, பெண்களுக்கு அந்த எலும்புக் குழாய் குறுகல் என்று சொல்வார்கள் என்றார். பிறந்த குழந்தைகளுக்கும் வரும், குழாயின் அடியில் ஒரு மெல்லிய சவ்வு திறக்காமல் இருக்கும், கண்மூலையில் விரலை வைத்துக் கீழ்நோக்கி நீவிவிட்டாலே ஒரு வயதுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். "ஒங்களுக்கு நீவுனா போகாது."

எனக்குக் கண்மாய்தான் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மடை வழியாகப் போக வேண்டிய தண்ணீர், மடை தூர்ந்து போனால், கரை நிரம்பிக் கலுங்கு வழியாகப் பாயும். நாங்கள் இத்தனை வருடம் கன்னத்தில் பார்த்தது கலுங்கு பாய்ந்த தண்ணீர்.

மூக்கெலும்பில் ஒரு புது வழி உண்டாக்கி, பையை நேராக மூக்கோடு இணைத்துவிடுவார்கள். அதற்கு டி.சி.ஆர். என்று பெயர். நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் சரியாகிவிடும் என்றார். மூக்கு வழியாகவே கருவி நுழைத்து, முகத்தில் தழும்பில்லாமல் செய்கிற முறையும் உண்டு, செலவு கூட. 51 வயதில் தழும்பைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? வெளியிலிருந்தே செய்யுங்கள் என்றேன்.

பிறகுதான் கேட்டேன். எங்கம்மாவுக்குப் பையையே எடுத்துவிட்டார்களே, அதுவும் இதுதானா?

அவர் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "இல்லம்மா. அது டி.சி.டி." பையை எடுத்துவிட்டால் சீழ் நின்றுவிடும், கண்ணீருக்கு வழி இருக்காது. சீழ் இருக்கிற நிலையில் புரை ஆபரேஷன் செய்தால் கிருமி கண்ணுக்குள் போய்விடும், கண்ணே போய்விடும். அதனால்தான் புரைக்கு முன்னால் எல்லாருக்கும் டக்ட் பார்க்கிறார்கள். பையை எடுக்கிற ஆபரேஷன் சுலபம், சீக்கிரம் முடியும், ரத்தம் அதிகம் போகாது. முகாமில் அத்தனை பேர் காத்திருக்கும்போது வயசானவர்களுக்கு அதைத்தான் செய்வார்கள். வயசாக ஆகக் கண்ணீர் சுரப்பதும் குறைந்துவிடும், நிறைய பேருக்கு வடிவது தெரியாது. "அம்மாவுக்கு அப்போ என்ன வயசு?"

56 என்றேன். அவர் தன் பேனாவை மூடினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வரும்போது பஸ்ஸில் திருமங்கலம் வரைக்கும் எனக்குக் கோபம். விருதுநகர் தாண்டும்போது கோபம் யார்மேல் என்பது குழம்பிவிட்டது. பைசா வாங்காமல் அவளுக்குப் பார்வை கொடுத்தவர்கள்மேல் எப்படிக் கோபப்படுவது? அந்தப் பார்வையில்தான் அவள் என் பையனைத் தூக்கி வளர்த்தாள். ஆனால் இரண்டு ஆபரேஷன் இருக்கிறது, இதைச் செய்தால் சீழ் மட்டும் நிற்கும், அதைச் செய்தால் வடிவதும் நிற்கும், உனக்கு எது வேண்டும் என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாம். தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்திருப்பார்கள். அவளுக்குப் புரிந்தது. உப்புத் தண்ணீரை வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். நானும்தான் கேட்கவில்லை, நான் எந்த முகத்தோடு அடுத்தவரைச் சொல்வது?

பழக்கதோஷத்தில், அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பழைய ரோமாபுரியில், உடைந்து புரையோடிய இந்தப் புண்ணுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பை எலும்பு வரை வைத்துச் சுட்டிருக்கிறார்கள். 1713-ல் டொமினிக் அனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் மெல்லிய கம்பியையும் பீச்சுகுழலையும் வைத்துச் சுடாமல் வழி திறந்தார். எனக்குச் செய்த டக்ட் பார்ப்பதற்கு அவர்தான் பாட்டனார். 1904-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் அடியோ டோட்டி என்பவர் மூக்கெலும்பில் வழி வைத்துக் கண்ணீரை மூக்குக்குள் விடலாம் என்று செய்து காட்டினார். ஆனால் அவர் வைத்த வழி பல பேருக்குத் திரும்ப மூடிக்கொண்டது. 1921-ல் பிரான்சில் துப்பூய்-துதாம், பூர்கே என்ற இருவர் பையின் சவ்வையும் மூக்கின் சவ்வையும் இழுத்து ஒன்றோடொன்று தைத்தார்கள். சட்டைத் துணியில் பட்டனுக்கு வெறும் துளை போட்டால் பிரிந்துபோகும், விளிம்பைச் சுற்றிக் காஜா எடுத்தால் நிற்கும் அல்லவா, அதுதான். அந்தக் காஜா வந்து 70 வருடம் கழித்துத்தான் எங்கள் அம்மா பஸ்ஸில் ஏறிப் போனாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், எலும்பை எப்படி உடைப்பீர்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பயப்படாதீங்கம்மா, அந்த எடத்துல எலும்பு தாள் மாதிரி இருக்கும்" என்றார். "எத்தனை ஜிஎஸ்எம்?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அச்சகத்தில் தாளின் எடையை அந்தக் கணக்கில்தான் சொல்வோம், அவருக்குப் புரியவில்லை. கூட வந்திருந்த வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார், அவர் அதே அச்சகத்தில் கட்டிங் மிஷினில் இருந்தவர். விசாரித்துப் பார்த்தால் அது சரியான கேள்விதான். கண்ணீர்ப் பைக்குப் பின்பக்கமாக இருக்கிற அந்த எலும்பின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். எங்கள் ஸ்டோரில் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளை மைக்ரோமீட்டரில் வைத்தால் ஏறக்குறைய அதே கனம் காட்டும். முன்பக்கத்து எலும்புதான் தடிமன், அதைத்தான் குறடு போன்ற கருவியால் துண்டு துண்டாகக் கடித்து எடுக்க வேண்டும்.

மயக்க மருந்து இல்லை, மரத்துப்போக மட்டும் ஊசி. மூக்குக்குள் மருந்தில் நனைத்த துணிப் பட்டையை அடைத்தார்கள். அது தொண்டையையும் மரக்கவைத்தது, எச்சில் விழுங்கினேனா இல்லையா என்றே தெரியவில்லை. முகத்தின் மேல் பச்சைத் துணி. மூக்கோரத்தில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட ஒரு கோடு கீறினார்கள், ஏதோ அழுத்துகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அதன் பிறகு வந்தது சத்தம். காதால் கேட்கிற சத்தம் இல்லை அது. கல்கண்டைக் கடவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தால் மண்டைக்குள்ளேயே கேட்குமே, அப்படி. க்ருக். கொஞ்சம் இடைவெளி. க்ருக். தொண்டையில் ரத்தம் இறங்குவது இரும்பு வாடையாகத் தெரிந்தது, உறிஞ்சுகுழலை வைத்து எடுத்தார்கள். "நல்லா ஒத்துழைக்கிறீங்கம்மா" என்றார் டாக்டரம்மா. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு க்ருக் வரை எண்ணினேன், பிறகு விட்டுப்போயிற்று. அதற்கப்புறம் தையல் போடுகிற அமைதி. அவர் காஜா எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்.

மறுநாள் காலையில் மூக்கிலிருந்து துணிப் பட்டையை உருவினார்கள். ஆபரேஷனைவிட அதுதான் கொடுமை. கிணற்றிலிருந்து கயிறு வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. சூடாகக் காபி குடிக்கக் கூடாது, குனியக் கூடாது, இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்மச் சொன்னார்கள். கண்ணைச் சுற்றி ஊதா நிறத்தில் கன்றிப் போயிருந்தது. தெருவில் இறங்கினால் வீட்டுக்காரர் என் பக்கத்தில் நடக்கவே கூச்சப்பட்டார். அடித்தவர் என்று நினைப்பார்களாம். அண்ணாச்சி பார்த்திருந்தால் இன்னொரு கவர் கிடைத்திருக்கும்.

ஒரு வாரத்தில் தையல் பிரித்தார்கள். இன்னும் சில நாள் கழித்து மறுபடியும் அந்த மழுங்கிய ஊசி. டாக்டரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாக அழுத்தினார். கன்னத்தில் ஒன்றும் வழியவில்லை. மூக்கின் பின்பக்கமாக ஏதோ ஜில்லென்று இறங்கியது. அடிநாக்கில் கரித்தது.

"தொண்டைக்கு வருதா?"

வருது என்று சொல்ல வாயைத் திறந்தேன், புரையேறிவிட்டது.

வீட்டில் அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மடை, கலுங்கு, இரண்டு ஆபரேஷன், காஜா, எல்லாம். சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். 82 வயதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் இந்தமுறை மறைக்கக் கூடாது என்று பட்டது. அவள் பாதியிலேயே புரிந்துகொண்டாள். "அப்போ எனக்கு மடையை மண்ணப் போட்டு மூடிட்டாக. ஒனக்குப் புது மடை வெட்டிருக்காக." ஆமாம் என்றேன். "வெட்டுனவுக மவராசியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தாள். அவ்வளவுதான். நான் பஸ்ஸில் பட்ட கோபத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவளிடம் இல்லை, அல்லது எனக்குக் காட்டவில்லை.

கண் உலர்ந்திருப்பது பழக நாளாயிற்று. கை தானாகக் கைக்குட்டையைத் தேடும். ஒரு வேடிக்கை வேறு. இரண்டு வாரக் கெடு முடிந்து முதல் தடவை மூக்கைச் சிந்தியபோது கண்மூலையிலிருந்து புஸ் என்று காற்று வந்தது. பயந்துபோய் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அப்படி வந்தால் வழி நன்றாகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம் என்றார். டிடிபி பையன்களிடம் இதைச் செய்து காட்டி இரண்டு டீ சம்பாதித்தேன். அக்கா அழுத பக்கம் என்ற பெயர் மட்டும் போகவில்லை, தப்பு நிறைய இருக்கிற தாள் எதுவானாலும் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சொட்டு மருந்தை ஒரு மாதம் விடச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் ராத்திரி கட்டிலில் படுத்தபடி விட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தொண்டையில் வேப்பங்காயைக் கடித்த மாதிரிக் கசப்பு. எழுந்து உட்கார்ந்து, "தூ, என்னா கசப்பு" என்றேன். மூன்று வருடம் அலர்ஜி மருந்தாக எத்தனை பாட்டில் விட்டிருப்பேன், ஒன்றுகூடக் கசந்ததில்லை.

கீழே பாயில் படுத்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள். "எந்தக் கண்ணுல விட்ட?"

"இடதுலதான்."

"இடது கண்ணுலயா? அதுலயா கசக்குது?"

ஆமாம் என்றேன். அடுக்களைக்குப் போய்க் கருப்பட்டித் துண்டு ஒன்றை உடைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

விடியற்காலையில் முழிப்புத் தட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் அம்மா பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். என் மருந்துப் பாட்டிலைக் கையில் வைத்திருந்தாள். சோடாபுட்டியைக் கழற்றி நெஞ்சின் மேல் வைத்துவிட்டு, ஒரு கையால் இடது கண்ணின் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, நடுங்குகிற மறு கையால் ஒரு சொட்டு விட்டாள். கண்ணை மூடினாள். வாயை லேசாகத் திறந்து, நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தாள். நான் அசையவில்லை. மருந்து கண்ணோரத்தில் திரண்டு, அவள் கன்னத்துச் சுருக்கம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு காது வரைக்கும் போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் சப்புக்கொட்டிப் பார்த்தாள். பிறகு, "ம்ஹூம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பாட்டிலை இறுக்கி மூடி என் கட்டில் காலோரம் வைத்துவிட்டு, முந்தானை முனையைத் திரித்தாள்.